ராத்திரிப் பூவுக்கு மூன்று பேர்

“அப்பா, ராத்திரியானா பூவோட கலரெல்லாம் எங்க போயிடும்?” என்று தம்பி ஒருநாள் கேட்டான். அப்போது அவனுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது.

அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு அந்தக் கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் முகத்தில் நேற்று சாயங்காலம் வரை இருந்த நிறம், விடிவதற்குள் எங்கோ போய்விட்டிருந்தது. மேல் பொத்தானைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கழுத்தை இறுக்குகிறது என்று அவர் எப்போதும் அதைத் திறந்தே விட்டிருப்பார். திறந்தே விட்டாள்.

“தம்பிக்குச் சொல்லியாச்சா?” அறை வாசலில் நின்று மாமா கேட்டார். அம்மாவின் கூடப்பிறந்தவர். விடிந்ததும் முதல் ஆளாக வந்து, கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிப் போட்டவர்.

“இல்ல.”

“ஏம்மா, இன்னைக்கும் அந்த வீம்பா?”

“அவன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னது அப்பா. அவர் உயிரோட இருந்தப்ப காப்பாத்தின வார்த்தையை, போன அன்னைக்கே விட்டுடச் சொல்றீங்களா?”

மாமா தலையைச் சொறிந்தார். “உங்கப்பன் பிடிவாதத்துக்கு லிப்டே தேவலாம்மா. அதுவாவது பட்டனை அமுக்கினா கீழ இறங்கும்.” சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டார். “நான் போன் பண்ணிட்டேன். கிளம்பிட்டான். என்னைத் திட்டுறதுன்னா இப்பவே திட்டிடு, ஆளுங்க வர்றதுக்குள்ள.”

அவள் திட்டவில்லை. “வரட்டும். வாசலோட நின்னு பார்த்துட்டுப் போகட்டும்” என்றாள்.

அப்பா லிப்ட் மெக்கானிக். வீட்டில் யார் எதைக் கேட்டாலும் “பிரிச்சுப் பார்த்துடுவோம்” என்பதுதான் அவர் பதில். தம்பியின் கேள்வியையும் அப்படித்தான் பிரிக்க ஆரம்பித்தார். ஒரு கட்டடத்துக்காரர் வேண்டாமென்று கொடுத்த சின்ன டிஜிட்டல் கேமரா அவரிடம் இருந்தது. அதன் தலையில் ஒரு சக்கரம். சக்கரத்தில் ஓர் இடத்தில் குட்டிப் பூ வரைந்திருக்கும். அங்கே திருப்பினால் கிட்டத்தில் இருக்கும் பூவை எடுக்கலாம். இன்னோர் இடத்தில் பிறையும் நட்சத்திரமும். அது ராத்திரிக் காட்சிக்கு.

“பூவுக்கு ஒரு கட்டம் வெச்சிருக்கான். ராத்திரிக்கு ஒரு கட்டம் வெச்சிருக்கான். ராத்திரிப் பூவுக்கு மட்டும் ஒண்ணும் வைக்கல பாரு. அதை நாமதான் கண்டுபிடிக்கணும்” என்றார் அப்பா.

கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. மொட்டைமாடியில் பெயின்ட் வாளியில் வளர்ந்த அந்திமந்தாரைதான் அவர்களுடைய பூ. பொழுது சாய்கிறபோது மலர்ந்து, விடிந்த பிறகு வாடிப்போகும். கேமராவில் இருக்கும் பளிச் விளக்கை அடித்தால் பூ வெளிறிப்போய், திருடனைப் பிடித்த மாதிரி விழித்துக்கொண்டு நின்றது. அதை அணைத்துவிட்டு, கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணைப் பல விநாடிகள் திறந்தே வைத்தார்கள். பின்னால் ஊர் விளக்குகள் வட்டவட்டமாக அழகாக விழுந்தன. ஆனால் பூ கறுப்பாக இருந்தது. டார்ச் அடித்தார்கள். ஒரே இடத்தில் அடித்த வெளிச்சம் இதழைச் சுட்டது போலிருந்தது. டார்ச்சை மெல்ல அசைத்துக்கொண்டே சுற்றி வந்தபோது நிறம் வந்தது. ஆனால் மாடிக் காற்றில் பூ ஆடி, படம் கலங்கிப்போனது. கடைசியில் தம்பி ஒரு வெள்ளைக் குடையை விரித்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றான். அன்றைக்குத்தான் பூ பூவாக விழுந்தது. ஊதாவும் மஞ்சளும், உள்ளே நூல் நூலாக மகரந்தமும்.

“கலர் எங்கயும் போகலடா. நாம வர்ற வரைக்கும் இருட்டுக்குள்ள உட்கார்ந்திருந்திருக்கு” என்றார் அப்பா. “ஆனா ராத்திரிப் பூவுக்கு மூணு பேர் வேணும். ஒருத்தர் அமுக்க, ஒருத்தர் வெளிச்சம் காட்ட, ஒருத்தர் காத்தை மறைக்க. ரெண்டு பேரால ஆகாது.”

அன்றிலிருந்து அப்பா அவளை டார்ச் என்றும் தம்பியைக் குடை என்றும் கூப்பிட ஆரம்பித்தார். “டார்ச் இல்லப்பா, டார்ச்சர்” என்பான் தம்பி. டார்ச் பிடிப்பவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கேமராவுக்கு முன்னாலேயே நடக்கலாம். ஆனால் நிற்கக் கூடாது. நகர்ந்துகொண்டே இருப்பவர் படத்தில் விழ மாட்டார். நின்றால், ஆவி மாதிரி ஒரு புகை உருவம் விழுந்துவிடும். குடை பிடிப்பவனுக்கு நேர் எதிர்ச் சட்டம். இம்மியும் அசையக் கூடாது.

பகலில் எடுக்கும் பூக்களுக்கும் குடை உண்டு. உச்சி வெயிலில் எடுத்தால் பூ கண்ணைச் சுருக்கிக்கொள்ளும் என்பார் அப்பா. வெள்ளைக் குடையின் நிழலில் அதே பூ முகம் மலர்ந்துவிடும். பகலில் அக்காவும் தம்பியும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் எடுக்க, அடுத்ததில் மாற. ஒரு விடுமுறை மத்தியானம் பூங்காவில் அவள் ஒரு செம்பருத்தியை எடுத்தாள். மண்ணில் முழங்கையை ஊன்றிப் படுத்து, பூவின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்து, காற்று ஓயக் காத்திருந்து காத்திருந்து எடுத்தாள். அத்தனை நேரமும் தம்பி கையை இறக்கவில்லை. முழங்கை நடுங்க ஆரம்பித்ததும் மற்றக் கையால் அதைத் தாங்கிக்கொண்டான். எடுத்து முடித்ததும் “இப்ப நான்” என்றான். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். அவன் முறை வரவே இல்லை. வளர்ந்து, பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டப் போன பிறகும், அவள் பிறந்தநாளுக்கு போன் செய்தால் முதல் வார்த்தை அதுதான். “அக்கா, ஒரு குடை பாக்கி.”

அந்த போன்கள் நின்றது அம்மா போன பிறகு. அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார் அப்பா. செய்தால் பிழைத்துவிடுவாள் என்று மன்றாடியவன் தம்பி. அவன் சொன்னபடி செய்தார்கள். அம்மா ஆபரேஷன் அறையிலிருந்து கண் விழித்து வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி அப்பா சொன்னார். “நீதான்டா கொன்னே. இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்.”

அவளுக்குத் தம்பி மேல் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஆனால் அப்பா நாள்கணக்கில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்தபோது, அந்தக் கோபத்தில் பாதியையாவது வாங்கிச் சுமந்தால் அவர் எழுந்து உட்காருவார் என்று நினைத்தாள். கல்யாணப் பத்திரிகையோடு தம்பி வந்தபோது வாசலிலேயே நின்று, “அப்பாவுக்கு இஷ்டமில்ல, போயிடு” என்று சொன்னவள் அவள். பிறகொரு நாள் கைக்குழந்தையோடு வந்தான். கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். குழந்தையின் தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்யக் கை பரபரத்தது. கதவைத் திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். மருந்துக்கடையில் அவளோடு வேலை பார்ப்பவர்கள், “உனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?” என்று கேட்டால், இல்லை என்று சொல்லப் பழகினாள். அப்பாவுக்காகத்தானே என்று ஒவ்வொரு ராத்திரியும் கடவுளிடம் சொல்லிவிட்டுத் தூங்குவாள்.

ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்த இருவர், அக்கம்பக்கத்தார், மருந்துக்கடை முதலாளி. மேல்வீட்டு அம்மாள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, “நான் டீ போடறேன், நீ போய் உட்காரு கண்ணு” என்றாள்.

“இருக்கட்டும் அக்கா. கைக்கு ஏதாவது வேலை இருந்தா நல்லாருக்கும்.”

அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு பாக்கெட் எடுக்க பிரிட்ஜ் கதவில் கை வைத்தாள். அதன் மேல் அப்பா ஒட்டிய படங்கள். மருந்துக் கம்பெனிகள் கொடுத்த காந்த வில்லைகளின் கீழ் வரிசையாக நின்றன. மழையில் நனைந்த தெரு, பாலத்து விளக்குகள், யாருடைய வீட்டுச் சுவரிலோ ஏறிய கொடி. கைப்பிடிக்கு நேர் மேலே அந்திமந்தாரை. பின்னால் வானம் கருநீலம். ஊர் விளக்குகள் வட்டவட்டமாகப் பூத்திருந்தன. ஒட்டிப் பல மாதமாயிற்று. தினமும் அதைப் பார்த்தபடிதான் கதவைத் திறக்கிறாள்.

கை அப்படியே நின்றது.

ராத்திரிப் பூ.

தம்பி விலகிப் போன பிறகு அப்பா ராத்திரிப் பூ எடுப்பதை விட்டுவிட்டார். இவர்கள் இரண்டு பேர்தானே. கட்டடங்களை எடுப்பார், தெருவை எடுப்பார். அவை காற்றில் ஆடுவதில்லை. கொஞ்ச வருடமாக, சனிக்கிழமை சாயங்காலமானால் கேமராப் பையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். மருந்துக்கடையில் அவளுக்குச் சனிக்கிழமைதான் கூட்டம். திரும்பி வந்து காட்டுவார். “நல்லாருக்குப்பா” என்பாள். அவ்வளவுதான்.

இப்போது குனிந்து பார்த்தாள். மகரந்த நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஊசி குத்தினாற்போலத் தெரிந்தது. விளக்குகள் இத்தனை நன்றாக விழ, கேமரா பல விநாடி கண் திறந்திருக்க வேண்டும். அத்தனை விநாடியும் இந்தப் பூ அசையவில்லை. அப்படியானால் யாரோ காற்றை மறைத்திருக்கிறார்கள். வெளிச்சம் ஒரே இடத்தில் சுடாமல் இதழ் முழுக்கத் தடவியிருந்தது. அப்படியானால் யாரோ டார்ச்சை அசைத்துக்கொண்டே நடந்திருக்கிறார்கள். அந்த வெளிச்சம் மேலிருந்து இறங்கவில்லை. கீழேயிருந்து, காம்பின் அடியிலிருந்து ஏறியிருந்தது. பிடித்தவர் பூவை விடக் கொஞ்சம்தான் உயரம்.

அடுப்படி ஓரத்து ஆணியில் அந்த வெள்ளைக் குடை தொங்கியது. சனிக்கிழமைகளில் அப்பா அதையும் எடுத்துக்கொண்டு போவார். வெயில் தாழ்ந்த பிறகு குடை எதற்கு என்று அவள் கேட்டதே இல்லை.

நேற்று படுக்கப் போகும்போது அப்பா கேட்டார். “நாளைக்குச் சனிக்கிழமைதானே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

பால் பொங்கி வழிந்தது. மேல்வீட்டு அம்மாள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். “பரவால்ல கண்ணு, பரவால்ல” என்று துணியை எடுத்துத் துடைத்தாள். அவள் பாலுக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

தம்பி வந்தபோது அவள் வாசலுக்குப் போகவில்லை, யாரையும் நிறுத்தவில்லை. நிறுத்த அவளுக்கு என்ன அதிகாரம் இருந்தது? கூடத்தில் அவன் அப்பாவின் காலடியில் மண்டியிட்டு, பாதங்களைப் பிடித்துக்கொண்டு குலுங்கியது அடுப்படியிலிருந்தே தெரிந்தது. மாமா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். வந்த வேகத்தில் அவன் சுவரில் சாய்த்து வைத்த பொருளையும் பார்த்தாள். அப்பாவின் முக்காலி. எங்கேயோ ஒரு கட்டடத்து மாடியில் மறந்து வைத்துவிட்டேன் என்று அவர் சொன்ன முக்காலி. ஒரு காலில் அவள் சுற்றிய பச்சை ஒட்டுத்துணி அப்படியே இருந்தது.

சேலையைப் பிடித்து இழுத்தது ஒரு சின்னக் கை. திரும்பினாள். முன்பல் இல்லாத ஒரு பெண் குழந்தை.

“நீங்கதான் டார்ச் அத்தையா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“தாத்தா சொல்லிருக்காங்க. பழைய போட்டோ எல்லாம் காட்டுவாங்க. எதுலயுமே நீங்க இல்ல. ஏன்?”

“நகர்ந்துக்கிட்டே இருந்தேன் கண்ணு. நகர்ந்துக்கிட்டே இருந்தா விழ மாட்டோம்.”

“எனக்குத் தெரியும்” என்றது குழந்தை பெருமையாக. “இப்ப நான்தான் டார்ச்.”

அவள் குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். அந்தக் கைதான் அவள் பெயரை வாங்கிக்கொண்ட கை. சின்னக் கை, நகத்தில் மண். அதன் மேல் என்ன தப்பு?

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி தண்ணீர் கேட்பது போல அடுப்படிக்கு வந்தான். அவள் டம்ளரைக் கழுவி, நிரப்பி, மேடையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

“எத்தனை நாளா?”

எதைக் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. “பாப்பா நடக்க ஆரம்பிச்சதிலேர்ந்து. அவரேதான் வந்தாருக்கா. வேன் பக்கத்துல வந்து நின்னாரு. கேமராவைத் தூக்கிக் காட்டி, மூணு பேர் இல்லாம ஆகலடான்னாரு. அவ்வளவுதான் பேசினாரு.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது.”

“எனக்கு ஏன் சொல்லல?”

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றான். “நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். அவருதான்… அவ என்னைவிட ஆத்திரமா இருக்காடா, எனக்காக உன்னை வெறுத்துட்டா, இப்ப நான் போய் என்னன்னு சொல்வேன்னாரு. உனக்குப் பயந்தாருக்கா. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லிடறேன்பாரு.”

“எனக்குப் பயந்தாரா?” அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு அல்ல. “எனக்கேதுடா ஆத்திரம்? அவர்கிட்டேர்ந்து இரவல் வாங்கினதுதானே. அவர் திருப்பிக் கேட்டிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேனே. நீ பத்திரிகையோட வந்தப்ப இந்த வாய் போயிடுன்னு சொல்லிச்சு. உன் பிள்ளை தொப்பி சரிஞ்சு நின்னப்ப இந்தக் கை கதவைத் திறக்கல. எல்லாம் யாருக்காக? நீங்க மூணு பேரும் ஏதோ ஒரு மாடியில நின்னு பூ எடுத்திருக்கீங்க. நான் இங்கே காவல் காத்திருக்கேன். யாருமே இல்லாத வாசலுக்கு.”

“அக்கா—”

“கூப்பிடாதே. இப்ப கூப்பிடாதே.”

அவன் தண்ணீரைக் குடிக்காமலேயே பின்வாசல் வழியாக வெளியே போனான்.

கோபத்தை இறக்கி வைக்கிறவர், கூடச் சேர்ந்து சுமந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறக்க வேண்டும். அப்பா நல்லவர்தான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவருக்கு வாய் வரவில்லை. கூடத்துக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திறந்திருந்த மேல் பொத்தானையே பார்த்தாள். ‘அடுத்த வாரம்’ என்று முனகினாள். பக்கத்தில் இருந்தவர் “என்னம்மா?” என்று கேட்க, ஒன்றுமில்லை என்றாள். கையை எடுத்து அந்தப் பொத்தானைப் போட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தாள். பிறகு கழற்றினாள்.

வண்டி வரத் தாமதமாகும் என்று மாமா வந்து சொன்னார். உட்கார்ந்திருந்தவர்களுக்கு இன்னொரு சுற்று டீ வேண்டியிருந்தது. சர்க்கரை டப்பாவை நிரப்பப் பின்கட்டு அலமாரிக்குப் போனவள், பின்வாசலில் நின்றாள்.

துணி துவைக்கும் கல்லின் மேல் தம்பி சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். ராத்திரி முழுக்க வேன் ஓட்டிவிட்டு, வழியிலேயே மாமாவின் போன் வந்து, வீட்டில் பாப்பாவையும் முக்காலியையும் ஏற்றிக்கொண்டு நேராக வந்தவன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் பாப்பா, பிஸ்கட்டில் பாதியைக் கையில் பிடித்தபடியே தூங்கியிருந்தது. சுவர் நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. உச்சி வெயில் நேராக இரண்டு முகங்களிலும் விழுந்தது. குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரட்டியது. தூக்கத்திலேயே தம்பி உள்ளங்கையை அதன் நெற்றிக்கு மேல் கூரையாக வைத்தான். கை நழுவி விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

எழுப்பி உள்ளே போகச் சொல்லலாம். எழுப்பினால் பேச வேண்டும்.

அவள் அடுப்படிக்குத் திரும்பி ஆணியிலிருந்து வெள்ளைக் குடையை எடுத்தாள். சத்தம் வராமல், கம்பியை விரலால் தாங்கி விரித்தாள். அவர்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் நின்று பிடித்தாள். வெயில் துணியில் வடிகட்டி மெத்தென்று இறங்கியது. சுருங்கியிருந்த இரண்டு முகங்களும் மெல்ல விரிந்தன. குழந்தையின் மூக்கு தம்பியின் மூக்கு. அவனுடைய காதோரத்தில் நரை இருந்தது. அவள் இல்லாமலேயே வந்த நரை.

உள்ளே யாரோ அவளைத் தேடிக் கூப்பிட்டார்கள். மேல்வீட்டு அம்மாள், “குளிக்கப் போயிருப்பா, விடுங்க” என்று சொல்வது கேட்டது. அவள் அசையவில்லை. தோள் கனத்தது. முழங்கை நடுங்கத் தொடங்கியதும் மற்றக் கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். ஒரு ஈ பாப்பாவின் கன்னத்தில் உட்கார வந்தது. ஊதி விரட்டினாள்.

வெயில் கல்லை விட்டு விலகுகிற வரைக்கும் நின்றாள். தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. தம்பியின் இமை அசைந்தது. அவன் கண் திறப்பதற்குள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய், ஆணியில் மாட்டினாள்.

மாமா டீத் தட்டைக் கேட்டு வந்தார். மேல்வீட்டு அம்மாள் ஊற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள்.

“என்னம்மா, உள்ளங்கையெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு?”

“சூடு” என்றாள். தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, சர்க்கரை டப்பாவின் மூடியைத் தேடினாள்.